செவ்வாய்க்கிழமை என் முறை

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கிற அமெரிக்க ஊர், பாதி வருஷம் பனி, மீதி வருஷம் பனியைப் பற்றிய புலம்பல், அவ்வளவு தெரிந்தால் போதும். இதில் வருகிற பெயர்களையும் மாற்றிவிட்டேன், என் பெயர் உட்பட. வேலையை விட்டு வந்த பிறகும், ஆபீசில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்கிற சட்டம் என்னை விடவில்லை, நானும் அதை விடவில்லை. சட்டத்துக்கு நான் துரோகம் செய்தவள் அல்ல. எனக்குத் துரோகம் செய்தவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நகராட்சி நெறிமுறை வாரியம் என்பது எங்கள் அலுவலகத்தின் பெயர். நகரமன்றக் கட்டடம் முழுக்க அதை 'யோக்கியர் ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். நான் லிப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். "பாக்கெட்ல இருக்கற பேனாவ ஒளிச்சு வைங்கப்பா, அது நகராட்சிப் பேனா" என்று எவனாவது முணுமுணுப்பான், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

எங்கள் வேலை பெரும்பாலும் போனில்தான். நகராட்சியில் சம்பளம் வாங்குகிறவர் யாரானாலும், மேயரிலிருந்து பனி தள்ளுகிற வண்டி ஓட்டுபவர் வரை, ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் அது சரியா தப்பா என்று எங்களைக் கேட்கலாம். கான்ட்ராக்டர் அனுப்பிய வான்கோழியை வாங்கலாமா? மச்சான் கடையில் நகராட்சிக்குப் பெயின்ட் வாங்கலாமா? கேட்டு, நாங்கள் சொன்னபடி நடந்தால், பின்னால் எவரும் அவர்களைத் தண்டிக்க முடியாது. கேட்கும்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

உண்மையை யார் சொல்கிறார்கள்? "என் ஃப்ரெண்டுக்கு ஒரு சந்தேகம்" என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிப்பார்கள். அதற்காக எங்கள் இயக்குநர் ஃபீனி ஒரு வழக்கம் வைத்திருந்தார். எலும்பும் தோலுமான மனிதர், ஐரிஷ்காரர், தன் பிறந்தநாளுக்கு வந்த கேக்கைக்கூடத் திருப்பி அனுப்பியவர். "ஒரே கேள்விய மூணு விதமா கேளு, வெர்னெட்டா" என்பார். "மொதத் தடவை, அவங்க நெனச்சு வச்சிருக்கறதச் சொல்லுவாங்க. ரெண்டாவது தடவை, உனக்குப் பிடிச்சதச் சொல்லுவாங்க. மூணாவது தடவைதான் நடந்தது வெளிய வரும்." அவர் சொன்னது எனக்குத் தெரிந்து பொய்த்ததே இல்லை, ஒரு தடவையைத் தவிர.

செவ்வாயும் வியாழனும் போனில் உட்காருவது என் முறை, மற்ற நாள்களில் இன்னொருவன். ஃபீனியின் மேசை என் மேசைக்கு எதிரில்.

ஒலிவெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே தெருவில் பிறந்தோம், ஒரே பள்ளியில் படித்தோம், ஒரே சர்ச்சில், பாட்டுக் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று முப்பது வருஷம் பாடினோம். என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம், கேட்காமலே ஒரு ஸ்க்ரூடிரைவரும் புதுப் பூட்டுமாக வந்து என் வாசல் கதவுப் பூட்டை மாற்றிக் கொடுத்தவள் அவள்தான். "இனிமே அவன் சாவிய வச்சுப் பல்லுக் குத்திக்கட்டும்" என்றாள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவளை என் கூடப் பிறந்தவளாகத்தான் நினைத்தேன்.

அவள் ஒன்பதாவது வார்டுக்குக் கவுன்சிலரானாள், நான் யோக்கியர் ஆபீசில் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஒரு தொல்லை. நகராட்சியைச் சேர்ந்த ஒருவரிடமும் யோக்கியர் ஆபீஸ்காரர்கள் ஒரு கப் காபிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. எந்தக் கடையில் போய் உட்கார்ந்தாலும், ஆர்டர் எடுக்கிற பெண் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் "தனித்தனி பில்!" என்று கத்துவோம். நன்றி நாள் பண்டிகைக்கு அவள் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 'பை' என்கிற இனிப்புப் பலகாரம் செய்வாள். என் வீட்டுக்கு எடுத்து வந்து, வாசலிலேயே நின்று, என் கண் முன்னால் ஒரு துண்டு தின்றுவிட்டு, "ஐயோ, என்னா ருசி! சட்டத்துக்கு மட்டும் நாக்கு இருந்தா" என்று சொல்லிவிட்டுப் போவாள். "நீ ரிட்டயர் ஆகற அன்னிக்கு மொதக் காபி என்னோடது, சொல்லிட்டேன்" என்பாள்.

அந்த நெறிமுறைச் சட்டத்தில் ஒரு பகுதி நாங்கள் இரண்டு பேரும் உண்டாக்கியது. ஒரு குப்பை லாரி டிரைவர் எங்களுக்குப் போன் பண்ணினார். அவருடைய மேலதிகாரி தன் வீட்டுப் பனியை அள்ள இவரை அனுப்புகிறான், போகலாமா என்று கேட்டார். கேட்ட விஷயம் எப்படியோ வெளியே போனது. அந்த மனிதரைக் கிடங்குக்கு மாற்றி, வாட்டி வதைத்து, அவரே வேலையை விட்டுப் போகும்படி செய்தார்கள். ஒலிவெட்டும் நானும் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வரி வரியாக ஒரு சட்டத்தை யோசித்தோம். கேட்டவரே வந்து தன் வாயால் எங்களை விடுவித்தால் ஒழிய, அவர் கேட்டாரா இல்லையா என்பதைக்கூட எங்கள் ஆபீசில் எவரும் சொல்லக் கூடாது.

நகராட்சி வக்கீல் ஒருவர், "கேட்டவரே வெளியே வந்து பொய் சொன்னா? அப்பவாவது நீங்க பேசலாம்னு வைங்க" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அப்படி ஒரு சந்து வைத்தால், மேலதிகாரிகள் தொழிலாளிகளை மிரட்டிப் பேச வைத்து அந்தச் சந்து வழியாகவே உள்ளே வருவார்கள். ஒலிவெட் அதை மன்றத்தில் அப்படியே எடுத்துப் பேசி, ஒரு சந்தும் இல்லாமல் நிறைவேற்றினாள். வாய்ப்பூட்டுச் சட்டம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்தில், பனியில், குதியாட்டம் போட்டோம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் அடித்தது. ஒலிவெட்.

"யோக்கியர் ஆபீசா? கவுன்சிலர் பேசறேன். ஒரு சந்தேகம்."

"ஏண்டி, ஞாயித்துக்கிழமை பூரா என் பக்கத்துலதானே நின்னே? அப்பக் கேக்கறதுக்கென்ன?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? எல்லாரும் எப்படிக் கேக்கறாங்களோ அப்படித்தான் நானும் கேப்பேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு ஃபீனியிடம், "என் ஃப்ரெண்ட் ஒலிவெட். நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றேன். விஷயம் என்ன என்று கேட்டார். எங்கள் சர்ச் முதியோர்களுக்கு வீடு கட்ட நகராட்சியின் காலி மனைகளைக் கேட்கிறது, சர்ச்சைச் சேர்ந்தவள் அதற்கு ஓட்டுப் போடலாமா என்பதுதான் விஷயம். "சாதாரணக் கேள்வி. நீயே பேசு. மூணு தடவை கேளு" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நான் கேட்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கட்டடத்தால உன் வீட்டுல யாருக்காவது ஆதாயம் உண்டா?" என்றேன்.

"இல்லவே இல்ல. நான் பாட்டுப் பாடறேன், அவ்வளவுதான்."

"வேலையோ, கான்ட்ராக்டோ, உன் ரத்த சம்பந்தத்துல யாருக்காவது போகுதா?"

"போகலடி."

"உன் பொண்ணு புருஷன் டெஸ்மண்ட்?"

சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். "டெஸ்மண்டா? அவனுக்கு ஆணியே அடிக்கத் தெரியாது, அவன் எங்கடி கட்டடம் கட்டறது? இன்னும் அந்தச் செருப்புக் கடையிலதான் நிக்கிறான்!"

நானும் சிரித்தேன். சர்ச்சில் உறுப்பினராக இருப்பது மட்டும் தடை இல்லை, அதை மன்றத்தில் எழுந்து வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடலாம் என்றேன். அவள் எழுந்து சொன்னாள், ஓட்டுப் போட்டாள். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மனைகள் சர்ச்சுக்குப் போயின.

கோடையில் பேப்பரில் வந்தது. அந்த வீடுகளைக் கட்டுகிற கம்பெனி டெஸ்மண்டுடையது. ஓட்டெடுப்புக்கு முன்னாலேயே அவன் பெயரில் தொடங்கியது.

என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். பேப்பரைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, பாவம், அந்தப் பயல் இவளுக்கே தெரியாமல் செய்திருக்கிறான் என்பதுதான். அவளை எச்சரிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பப் போன் பண்ணினேன். அவள் எடுக்கவில்லை. திங்கட்கிழமை நகரமன்றப் படிக்கட்டில் மைக்குகளுக்கு முன்னால் நின்று, அவள் என்னைப் பற்றிப் பேசினாள்.

"நான் ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே நெறிமுறை ஆபீசைக் கேட்டேன்" என்றாள். "என் மருமகன் விஷயம் உட்பட எல்லாத்தையும் சொன்னேன். தாராளமாப் போடுங்கன்னாங்க. அவங்க பேச்சக் கேட்டு நடந்தது தப்பா?"

அதை நான் டிவியில் பார்த்தேன். என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எங்கள் ஆபீசில் போன் எடுப்பவர்கள் இரண்டே பேர், எங்கள் சிநேகிதம் ஊருக்கே தெரியும். தோழிக்குத் தோழி பச்சைக்கொடி காட்டிவிட்டாள் என்று மறுநாள் காலைக்குள் எல்லோரும் பேசினார்கள். மருமகன் விஷயம் தெரிந்தும் நான் விட்டேன் என்று ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்து "பொய்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவள் எங்களைக் கேட்டாள் என்பதைக்கூட நான் ஒத்துக்கொள்ள முடியாது.

அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் தொட்டி நிறையக் கீரையைப் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை, ஒலிவெட். ஃபீனிகிட்ட போய், வெர்னெட்டா பேசலாம்னு சொல்லு. போதும்."

"வக்கீல் கூடாதுங்கறார்டி."

"நான் வக்கீலக் கேக்கல. உன்னக் கேக்கறேன்."

"உன் சட்டம்தானே? ஒரு சந்துகூட வேணாம்னு நின்னவ நீதானே?"

"குப்பை லாரிக்காரருக்காகடி அதப் போட்டோம்! உனக்காகவா போட்டோம்?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான்னு நீதான் சொல்லுவ."

அவள் கைகள் தண்ணீரிலேயே இருந்தன. அலசின கீரையையே மறுபடி மறுபடி அலசினாள். "என் பொண்ணு மாசமா இருக்கா, வெர்னெட்டா. டெஸ்மண்டப் பிடிச்சு உள்ள போட்டா அவ கதி என்ன? எனக்கு வேற வழி தெரியல."

"என் வேலை போயிடும். என் பேரு நாறிடும்."

அப்போதுதான் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை. சமாதானம் சொல்கிற மாதிரி, அன்பாகத்தான் சொன்னாள். "உனக்கு என்னடி, தனியாளு. உன்னை நம்பி யாரு இருக்கா? நீ எப்படியும் சமாளிச்சுக்குவ."

என் வீட்டுப் பூட்டை மாற்றிக் கொடுத்தவள் இவள்தான். அந்தக் கதவுக்கு உள்ளே நான் எத்தனை வருஷம் தனியாக இருந்தேன் என்று இவளுக்குத்தான் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு அதையே எடுத்து என் மேல் வீசினாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி அழுதேன்.

அந்த வாரம் ஒரு பத்திரிகைக்காரன் விடாமல் கூப்பிட்டான். "உங்க பேரு வராது, மேடம். நான் ஒரு கேள்வி கேக்கறேன். தப்பா இருந்தா போன வச்சிடுங்க. வாயே திறக்க வேணாம்" என்றான். எவ்வளவு சுலபம்! பொய் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் திரிவாள், நான் யோக்கியம் காக்க வேண்டுமா? வியாழக்கிழமை காலையில் அவனிடம், மத்தியானம் கூப்பிடச் சொன்னேன். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன், மறைக்கவில்லை.

அடுத்து அடித்த போனில் ஒரு அம்மா பேசினார். பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளுக்குச் சாலை கடக்க உதவுகிறவர். பெற்றோர்கள் சேர்ந்து ஒரு ஜோடிக் கையுறை வாங்கிக் கொடுத்தார்களாம், வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூன்று விதமாகக் கேட்டேன். கையுறைதான், வேறொன்றும் இல்லை. வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, "நான் கேட்டது வெளிய போகாதில்லம்மா? எங்க சூப்பர்வைசர் ஒரு மாதிரி" என்றார்.

"போகாது" என்றேன்.

சொன்ன பிறகு, மத்தியானம் அந்தப் பத்திரிகைக்காரனிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவன் கூப்பிட்டான். அவன் கேள்வியை ஆரம்பிப்பதற்கு முன்னால், "எங்க ஆபீசுக்கு யாரு போன் பண்றாங்கன்னு நாங்க சொல்றதில்ல" என்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்ததால் உடனே வைத்துவிட்டேன்.

வாரியத்தின் முன்னால் என்னை நிறுத்தினார்கள். ஐந்து பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, மரியாதையான மனிதர். "கவுன்சிலர் உங்ககிட்ட ஆலோசனை கேட்டாரா?" என்றார். சொல்ல முடியாது என்றேன். "அவர் மருமகனைப் பத்திச் சொன்னாரா?" சொல்ல முடியாது. "உங்க மேல இருக்கற பழிக்கு உங்க பதில்தான் என்ன?" சொல்ல முடியாது. ஃபீனி ஓரத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாரியத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, நீங்களே விலகிக்கொள்வது கௌரவம் என்றார்கள். ஒலிவெட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. கேட்டுவிட்டுச் செய்தவளை எந்தச் சட்டத்தில் தண்டிப்பது? கேட்டபோது பொய் சொன்னாள் என்று சொல்லக்கூடியவள் நான்தான், நான் வாயைத் திறக்க முடியாது.

வராந்தாவில் ஃபீனி என் பின்னால் வந்தார். என் அடையாள அட்டையை அவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"மூணு தடவை கேட்டே" என்றார். "என் காதால கேட்டேன்."

"அத உள்ள சொல்லியிருக்கலாம்!" கத்திவிட்டேன். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். "சொல்லியிருந்தா, நாளைக்கு அந்தப் போன எதுக்கு எடுக்கணும்?"

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அட்டையை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கினேன். லிப்டில் யாரும் பேனா ஜோக் அடிக்கவில்லை.

அதன் பிறகு நான் பாட்டுக் குழுவுக்குப் போகவில்லை. வேறு சர்ச்சுக்கும் போகவில்லை. ஒரு வரித் தாக்கல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதியோர் வீடுகள் எழும்பின, பார்க்க நன்றாகவே இருக்கின்றன, அதுவும் எரிச்சல்தான். தேர்தலில் ஒலிவெட் மறுபடி ஜெயித்தாள். அவளுக்குப் பேத்தி பிறந்தது.

இந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். எடை கூடியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நேராக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த டேபிளுக்கு ரெண்டு காபி" என்று கடைப் பெண்ணிடம் சொன்னாள். "ஒண்ணு கறுப்பா. இன்னொண்ணுல பால் நிறைய." பால் நிறைய விட்டது எனக்கு. மறக்கவில்லை.

"இப்ப நீ ஆபீஸ்ல இல்ல. எந்தச் சட்டமும் தடுக்காது" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை. "எத்தன வருஷமாக் காத்திருந்தேன் தெரியுமா இதுக்கு?"

காபி வந்தது. நான் தொடவில்லை. என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. வரிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, எப்போதும் என்னோடு இருந்த கேள்வி.

"ஏன் செவ்வாய்க்கிழமை கூப்பிட்ட?" என்றேன்.

"எது? அதுவா? அன்னிக்கு நேரம் இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல நின்னே. திங்கக்கிழமை போன்ல வேற ஆளு. ஏன் செவ்வாய்க்கிழமை?"

"உன் குரலக் கேக்கலாம்னுதான்டி. என்ன இப்ப?"

"செவ்வாய்க்கிழமை யாரோட முறைன்னு உனக்குத் தெரியும், ஒலிவெட்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"மத்தவன் வாயத் திறந்துடுவான்" என்றாள் மெதுவாக. "நீ திறக்க மாட்டே. எனக்குத் தெரியும்."

மூன்றாவது தடவைதான் நடந்தது வெளியே வரும். நான் எப்படிப்பட்டவள் என்று இந்த உலகத்தில் முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அப்படித் தெரிந்ததை வைத்துத்தான் என்னை விற்றிருக்கிறாள். அவள் அவசரத்தில் பொய் சொன்னாள், பயத்தில் சொன்னாள் என்று இத்தனை நாளாக அவளுக்காக நானே வாதாடி வைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

கடைப் பெண் பில் எழுதத் தாளோடு வந்து நின்றாள். ஒலிவெட் கைப்பையைத் திறந்தாள்.

"தனித்தனி பில் போடும்மா" என்றேன். இந்தத் தடவை என் குரல் மட்டும்தான் கேட்டது.